யாரைக் கொண்டு பிறந்திருக்கிறது? சாயலையும் மரபையும் பிழையில்லாமல் சொல்ல

சேலம் அம்மாப்பேட்டையில் தறி வீட்டில் பிறந்தவள் நான். அப்பா வெண்பட்டு வேட்டி நெய்தார். குழித்தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலில், அறுந்த இழைகளை முடிந்துகொண்டே பாடம் படித்தேன். பிறகு 31 ஆண்டுகள் அரசுப் பள்ளியில் உயிரியல் ஆசிரியையாக இருந்தேன். மரபியல் பாடத்தைப் பத்தாம் வகுப்புக்கு ஒவ்வோர் ஆண்டும் நடத்தியிருக்கிறேன். ஓய்வு பெற்றபின் உறவுக்காரர்களின் வீடுகளில் காதில் விழுந்த பேச்சுகள்தான் இதை எழுத வைத்தன.

சென்ற தை மாதம் ஒரு குழந்தையைப் பார்க்கப் போயிருந்தேன். பிறந்து இருபது நாள். வலது கையில் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் சிறிதாக ஆறாவது விரல் ஒன்று இருந்தது. மாமியார் அதைத் தூக்கிக் காட்டி, "எங்கள் பக்கம் யாருக்கும் இது கிடையாது. இவள்தான் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள்" என்றார். பிள்ளை பெற்ற பெண் தலை நிமிரவே இல்லை.

அந்த மாமியார் கெட்டவர் அல்ல. மருமகளுக்குப் பத்தியச் சோறு வடித்துக் கொடுத்தவரும் அவர்தான். ஆனால் அவர் வாயில் வந்த வினைச்சொல் தவறு. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

"கொடுத்தாள்" வேண்டாம், "வந்திருக்கிறது" போதும்

தமிழில் செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். மரபைப் பற்றிப் பேசும்போது அந்த வேறுபாடு ஒரு பெண்ணின் மானத்தையே காக்கும். "அம்மா கொடுத்தாள்", "அப்பன் ஏற்றிவிட்டான்", "அவர்கள் வம்சம் கெடுத்தது" என்றெல்லாம் சொன்னால், அங்கே செய்தவர் ஒருவர் இருக்கிறார். ஆகவே குற்றவாளியும் இருக்கிறார். "வந்திருக்கிறது" என்றால் யாரும் எதையும் செய்யவில்லை. உண்மையும் அதுதான். மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்கள் தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23. ஒரு ஜோடியில் எது முட்டைக்குள் போகும், எது விந்தணுவுக்குள் போகும் என்பதைத் தேர்ந்தெடுக்க எந்தத் தாய்க்கும் தந்தைக்கும் வழியில்லை.

அந்த ஆறாம் விரல் பற்றி அன்று நான் சொன்னது இது. அது சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வரும். மரபணுவைச் சுமப்பவருக்கு விரல் தெரியாமலே போவதும் உண்டு. குழந்தையிடம் புதிதாகத் தோன்றுவதும் உண்டு. ஆகவே யார் பக்கம் என்று கையைப் பார்த்துச் சொல்ல முடியாது. "ஆறு விரலோடு பிறந்திருக்கிறது" என்று சொன்னால் போதும். அதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை.

வழி தெரிந்த இடத்தில் "அம்மா வழியில் வந்தது", "அப்பா வழியில் வந்தது" என்று சொல்லுங்கள். "வழி" நல்ல சொல். அதில் பாதைதான் இருக்கிறது, பழி இல்லை.

"ரத்தத்தில் ஊறியது" என்பதையும் கொஞ்சம் எச்சரிக்கையாகக் கையாள வேண்டும். பாட்டுப் பாடும் பிள்ளையைக் கொஞ்சும்போது சொல்லுங்கள், தப்பில்லை. மருத்துவம் பேசும் இடத்தில் வேண்டாம். ஒரு மாணவியின் தந்தை, அறுவைச் சிகிச்சைக்கு முன் பிறருடைய ரத்தத்தை ஏற்ற மறுத்தார். மகளின் குணம் மாறிவிடும் என்று பயந்தார். அவரிடம் அரைமணி நேரம் பேசினேன். முதிர்ந்த சிவப்பணுவுக்குள் உட்கருவே கிடையாது. குணத்தையோ நிறத்தையோ அது எடுத்துச் செல்லாது. மரபணுச் சோதனைக்கு ரத்தம் எடுப்பதும் அதிலுள்ள வெள்ளையணுக்களுக்காகத்தான்.

ஜாடை, சாயல், அச்சு

இவை மூன்றும் ஒன்றல்ல. ஒரு கணம் திரும்பும்போது தெரிந்து மறைவது ஜாடை. நின்று பார்த்தாலும் தெரிவது சாயல். "அச்சு அசல்", "உரித்து வைத்தாற்போல்" என்பவை முழு ஒப்பு. தொட்டில் பிள்ளையிடம் ஜாடையைத் தவிர வேறெதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. முகம் இன்னும் மாறும். ஆகவே ஜாடையிலேயே நிற்பது நல்லது. அதிலும் உறுப்பைக் குறித்துச் சொல்லுங்கள். "நெற்றி அம்மாயியின் நெற்றி", "கால் விரல் பெரியப்பாவுடையது" என்று சொல்லும்போது பிள்ளை பலருக்கும் சொந்தமாகிறது. "அப்பாயியைக் கொண்டு பிறந்திருக்கிறது" என்பது எங்கள் பக்கத்துப் பேச்சில் எனக்கு மிகவும் பிடித்தது. "கொண்டு" என்ற ஒரே சொல்லில் பிள்ளையே விரும்பி எடுத்துக்கொண்டு வந்தது போன்ற ஓர் அன்பு இருக்கிறது.

"உரித்து வைத்தாற்போல்" என்பதில் ஓர் ஆபத்தைக் கண்டிருக்கிறேன். மூன்று மாதக் குழந்தையிடம் அது கொஞ்சல். பதின்மூன்று வயதில், தந்தை குடித்துவிட்டு வந்த இரவுக்கு மறுநாள், "அப்பனை அப்படியே உரித்து வைத்திருக்கிறாய்" என்று அதே சொல் வசவாகத் திரும்பும். என் வகுப்பில் ஒரு பையன், "டீச்சர், குடியும் மரபணுவில் வருமா?" என்று எழுந்து கேட்டான். கேள்வி எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். எளிதில் பழக்கத்துக்கு அடிமையாகும் இயல்பில் மரபுக்கும் ஒரு பங்கு உண்டு என்றேன். ஆனால் பங்கு வேறு, விதி வேறு என்றேன். நாக்கில் ஒரு சொட்டுகூடப் படாதவனுக்கு எந்த மரபணுவும் குடிப்பழக்கத்தை உண்டாக்காது. முகம் ஒத்திருப்பதால் நடத்தையும் ஒத்திருக்கும் என்று பொருளில்லை. வீட்டில் முகத்துக்கு ஒரு சொல்லையும் நடத்தைக்கு வேறொரு சொல்லையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மற்றொன்றின் மேல் ஏற்றாதீர்கள்.

"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்ற பழமொழியை எல்லாரும் சொல்வார்கள். தறியில் உட்கார்ந்த என் அப்பா அதைப் பாதி உண்மை என்பார். தறியிலும் அச்சு என்று ஒன்று உண்டு. சீப்புப் போலப் பல் வைத்தது. பாவின் இழைகள் அதன் இடைவெளிகளில் புகுந்து வந்தால்தான் துணி. அதே நூலை நெருக்கமான அச்சில் நெய்தால் ஒரு துணி, இடைவெளி கூடிய அச்சில் நெய்தால் வேறு துணி. கஞ்சி எவ்வளவு, கை எவ்வளவு அழுத்தி அடித்தது என்பதிலும் மாறும். பாவு ஒரு நூல், குறுக்கே ஓடும் ஊடை ஒரு நூல். நெய்து முடித்த வேட்டி பாவும் அல்ல, ஊடையும் அல்ல. இரண்டு பேரிடமிருந்து வந்து ஒரு வீட்டில் வளரும் பிள்ளையை விளக்க எனக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைத்ததில்லை.

பிள்ளை பெற்றோரின் நகல் ஆகாது என்பதற்கு மாம்பழம் போதும். மல்கோவாவைச் சாப்பிட்டுக் கொட்டையை நட்டால் மல்கோவா வரும் என்று நம்பாதீர்கள். அது இரு மரங்களின் கலப்பு. எப்படி வேண்டுமானாலும் பழுக்கலாம். அதே சுவை வேண்டும் என்றுதான் நம் தோட்டக்காரர்கள் ஒட்டுக் கட்டுகிறார்கள். ஏற்காட்டு மாணவர்களிடம் காப்பியைச் சொல்வேன். அராபிக்கா தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் விதைக்கன்று பெரும்பாலும் தாயை ஒத்திருக்கும். ரொபஸ்டா தன் மகரந்தத்தை ஏற்காது; அதன் கன்றுகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. மனிதப் பிள்ளைகள் ரொபஸ்டாவின் பக்கம்.

பிறவி வேறு, பரம்பரை வேறு

பிறக்கும்போதே இருப்பது பிறவி. மரபணு வழியாக வருவது பரம்பரை அல்லது மரபுவழி. ஒன்று மற்றொன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாய்க்கு ருபெல்லா அம்மை வந்தால் குழந்தை காது கேளாமல் பிறக்கலாம். அது பிறவிக் குறை, பரம்பரை இல்லை. மூளை நரம்பணுக்கள் சிதையும் ஹண்டிங்டன் நோய் பெரும்பாலும் நடுவயதில் தலைகாட்டும். பிறவியில் ஒன்றும் தெரியாது, ஆனால் முழுக்க முழுக்கப் பரம்பரை. மூன்றாவது ஒன்றும் உண்டு. ஒரே வீட்டில் பலருக்கு இருக்கிறது என்பதாலேயே அது மரபு ஆகிவிடாது. ஒரே கூரையின் கீழ் காசநோய் நான்கு பேருக்கு வந்தால் அது தொற்று. காரணம் தெரியாத வரையில் "குடும்பத்தில் சிலருக்கு இருக்கிறது" என்று மட்டும் சொல்லுங்கள். மருத்துவருக்கும் அதுதான் உதவும்.

"வெண்குஷ்டம்" என்ற சொல்லைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது குஷ்டமும் இல்லை, தொற்றவும் தொற்றாது. "வெண்புள்ளி" என்பதே சரி. அந்தப் பழைய சொல்லால் வரன் தட்டிப்போன பெண்களை எனக்குத் தெரியும்.

"குலப் புத்தி", "சாதிக் குணம்" என்பவற்றுக்கு மரபியலில் இடமே இல்லை. என் வகுப்பில் அந்தச் சொற்களை நான் அனுமதித்ததில்லை.

எந்த அத்தை?

அதிகம் பிழை நடக்கும் இடம் இதுதான். மருத்துவர், "குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா?" என்று கேட்பார். நாம், "அத்தைக்கு இருந்தது" என்போம். அவர் எழுதிக்கொள்வார். ஆனால் எந்த அத்தை?

அப்பாவின் உடன்பிறந்தவளும் அத்தை, தாய்மாமனின் மனைவியும் அத்தை, மாமியாரும் அத்தை. முதலாமவர் உங்கள் மரபில் இருக்கிறார். மற்ற இருவரும் சொந்தத்தில் கட்டியிருந்தால் ஒழிய இல்லை. மாமாவும் அப்படியே. அம்மாவின் உடன்பிறந்தவரா, அத்தையின் கணவரா? சித்தி அம்மாவின் தங்கையா, சித்தப்பாவின் மனைவியா? பெரியம்மா அம்மாவின் அக்காவா, பெரியப்பாவின் மனைவியா? "அண்ணன்" என்றால் கூடப்பிறந்த அண்ணனா, பெரியப்பா மகனா? நம் உறவுச்சொற்கள் யாரிடம் எப்படிப் பழக வேண்டும் என்பதைச் சொல்ல உண்டானவை. எந்த வயிற்றில் பிறந்தவர் என்பதைச் சொல்ல உண்டானவை அல்ல.

ஆகவே உறவுச்சொல்லுக்கு முன்னால் ஒரு தொடரைச் சேருங்கள். "அப்பாவின் கூடப்பிறந்த அத்தை." "அம்மாவுக்கு நேர் இளைய தம்பி, என் தாய்மாமா." எங்கள் வீடுகளில் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது வழக்கம், என் அம்மாவின் தம்பிதான் என் அப்பாவின் தங்கையைக் கட்டினார். அங்கே மாமா, அத்தை இருவருமே மரபில் வருகிறார்கள். அப்படியிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மார்பகப் புற்றுநோய் என்றால் பலர் அம்மா பக்கத்தை மட்டும் சொல்கிறார்கள். அந்த வாய்ப்பைக் கூட்டும் சில மரபணு மாற்றங்கள் அப்பா வழியாகவும் வரும். அப்பாவுக்கு நோய் வராமலே மகளுக்கு வந்து சேரும். அப்பாவின் அக்கா தங்கைகளை விடாதீர்கள். நோய் வந்த வயதையும் சொல்லுங்கள். முப்பத்தைந்தில் வந்ததும் எழுபதில் வந்ததும் மருத்துவருக்கு இரு வேறு செய்திகள்.

புளியங்கொட்டையால் ஒடுங்கு பண்பைச் சொல்வது

பாடநூலில் ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்று இருக்கும். ஓங்கு என்றவுடன் நல்லது, வலியது, பலருக்கும் இருப்பது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மரபணுவின் ஒரு பிரதி, தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ, வந்தாலே வெளியே தெரிவது ஓங்கு. இரண்டு பிரதியும் வந்தால்தான் தெரிவது ஒடுங்கு. ஒடுங்கி இருப்பது அழிந்துபோவதில்லை. மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டல் உருண்டை விதைப் பட்டாணியையும் சுருங்கிய விதைப் பட்டாணியையும் கலந்தபோது, முதல் தலைமுறையில் சுருங்கிய விதை ஒன்றுகூட இல்லை. அடுத்த தலைமுறையில் 7,324 விதைகளில் 1,850 சுருங்கியவை திரும்பி வந்தன. "எங்கள் இரண்டு பேருக்கும் இல்லாதது பிள்ளைக்கு எப்படி வந்தது?" என்ற கேள்விக்கு விடை அதில் இருக்கிறது. வெளுத்த தோலும் முடியுமாகக் குழந்தை பிறந்தால் தாயின் ஒழுக்கத்தைச் சந்தேகிக்கும் வாய்களுக்கும் அதுவே விடை. அந்தத் தோல்நிறக் குறையின் பெரும்பாலான வகைகளில் தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பிரதி வந்தாக வேண்டும்.

தாயம் ஆடத் தேய்ப்பது போல இரண்டு புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் தேய்த்து வெளுப்பாக்குங்கள். ஒன்று அம்மா, ஒன்று அப்பா. வெள்ளைப் பக்கம் மாறிய மரபணு, கறுத்த பக்கம் மாறாதது. இரண்டையும் குலுக்கிப் போடுங்கள். இரண்டும் வெள்ளையாக விழுந்தால்தான் பிள்ளைக்கு நோய். நான்கில் ஒரு வாய்ப்பு. ஒன்று மட்டும் வெள்ளையானால் பிள்ளைக்கு நோய் இல்லை, பெற்றோரைப் போல மாறிய மரபணு மட்டும் இருக்கும்; நான்கில் இரண்டு. அதிகம் தேய்த்தால் கொட்டை ஒரே பக்கம் விழப் பழகிவிடும். லேசாகத் தேய்த்தால் போதும். கொட்டை கிடைக்காவிட்டால் இரண்டு நாணயங்கள்.

இதை ஐம்பது முறை போட வையுங்கள். "முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது" என்ற தவறான ஆறுதல் அங்கேயே உடையும். இரண்டும் வெள்ளையாக அடுத்தடுத்து விழுவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள். கொட்டைக்குப் போன முறை விழுந்தது நினைவில் இருக்காது. ஒவ்வொரு கர்ப்பமும் புதிய குலுக்கல்.

மரபணு மட்டும் இருப்பவரை "நோய் தாங்கி" என்று எழுதுகிறார்கள். கேட்பவருக்கு நெஞ்சு அடைக்கிறது. பரம்பரை ரத்தசோகையான தாலசீமியாவுக்குச் சோதனை செய்துகொண்ட ஒரு பெண், தனக்கே நோய் வந்துவிட்டதாக இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். "உனக்கு நோய் இல்லை. மாறிய மரபணு ஒன்று இருக்கிறது. கணவருக்கும் சோதித்துப் பார்க்க வேண்டும்" என்று மூன்று சிறு வாக்கியங்களாக, இதே வரிசையில் சொல்லுங்கள்.

சொந்தத்தில் கட்டுவது பற்றியும் இந்தக் கொட்டையை வைத்தே பேசலாம். "சொந்தத்தில் கட்டினால் பிள்ளை ஊனமாகப் பிறக்கும்" என்பது பொய். பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே பிறக்கிறார்கள். "ஒன்றும் ஆகாது" என்பதும் பொய். தாய்மாமனும் அக்கா மகளும் சராசரியாக 25 சதவீத மரபணுக்களைப் பகிர்கிறார்கள். மாமன் மகளும் அத்தை மகனும் 12.5 சதவீதம். ஒரே வெள்ளைக் கொட்டை இருவர் கையிலும் இருக்கும் வாய்ப்பு அதனால் கூடுகிறது. "வாய்ப்பு கூடும்" என்பதே நேர்மையான சொல். சர்க்கரைக்கும் அதுதான்: "பரம்பரையாக வருவது, தப்ப முடியாது" என்று சொல்லாமல், "எங்கள் வழியில் வாய்ப்பு அதிகம், ஆகவே முன்கூட்டியே சோதித்துக்கொள்கிறோம்" என்று சொல்லிப் பழகுங்கள்.

நான் திருத்திக்கொள்ள வேண்டிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நாக்கைக் குழல்போல் சுருட்டுவது ஒற்றை ஓங்கு மரபணுவின் வேலை என்று பல ஆண்டுகள் கற்பித்தேன். அது சரியில்லை. 1940-ல் அப்படி எழுதியவர் ஸ்டர்டிவண்ட் என்ற அமெரிக்க மரபியலாளர்; ஒரே கருவில் பிறந்த இரட்டையர்களிலேயே ஒருவர் சுருட்டி மற்றவர் சுருட்டாத ஜோடிகள் 1952-ல் தெரியவந்தபின் அவரே அதைக் கைவிட்டார். காது மடல் ஒட்டியிருப்பதும் அவ்வளவு எளிய கணக்கில்லை. அப்பாவுக்குச் சுருட்ட வராமல், அம்மாவுக்கும் வராமல், தனக்கு மட்டும் வரும் பிள்ளை அந்த வகுப்பிலிருந்து என்ன எண்ணத்தோடு வீடு போயிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். உயரமோ ஆயிரக்கணக்கான இடங்களில் எழுதப்பட்டது. 2022-ல் வெளிவந்த ஆய்வொன்று 12,111 மரபு வேறுபாடுகளை உயரத்தோடு சேர்த்துக் காட்டியது. ஒற்றை மரபணுவுக்குரிய சொற்களை இவற்றுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

பெண் பிள்ளையும் வளர்ப்புப் பிள்ளையும்

"ஆண் பிள்ளை பெற்றுத் தரவில்லை" என்ற சொல் எங்கள் மாவட்டத்தில் உயிர்களைக் குடித்திருக்கிறது. வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசிடம் விட்டுச் செல்ல வழிசெய்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில்தான் தொடங்கியது. எதனால் என்று இங்குள்ள யாரிடமும் விளக்க வேண்டியதில்லை. ஆணா பெண்ணா என்பதை முடிவுசெய்யும் குரோமோசோம்களில் தாயிடம் இருப்பவை இரண்டும் எக்ஸ். ஆண் பிள்ளைக்கு வேண்டிய ஒய் தந்தையிடம் மட்டுமே உண்டு. எந்த விந்தணு முந்துகிறது என்பது அவர் கையிலும் இல்லை. "பெண் பிறந்திருக்கிறது" என்று சொல்லுங்கள். "பெண்ணாகப் பெற்றாள்" என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

அந்தத் திட்டம் வந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து, குடும்பத்தில் யார் யாருக்கு என்ன சாயல் என்று எழுதி வரச் சொன்ன வீட்டுப்பாடத்துக்கு ஒரு மாணவி வெற்றுத்தாளோடு வந்தாள். தத்தெடுத்து வளர்க்கப்பட்டவள் என்பது எனக்குத் தெரியாது. அதன்பின் அந்தப் பாடத்தை மாற்றினேன். "பிறப்பில் வந்தது", "வீட்டில் வந்தது" என்று இரண்டு பத்திகள். எதை வேண்டுமானாலும் நிரப்பலாம். வியப்பு வந்தால் நாக்கை அண்ணத்தில் தட்டி "ட்ச்" என்பது தன் அம்மாவிடமிருந்து வந்தது என்று அவள் எழுதியிருந்தாள். வளர்த்த அம்மாவைச் சந்தித்தபோது என் காதாலும் கேட்டேன்.

இப்படி வளர்ந்தவர்கள் மருத்துவரிடம் "என் பிறப்பு வழி விவரம் தெரியாது" என்று சொன்னால் போதும். அது முழுமையான பதில். அதற்குமேல் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு தாளில் வரைந்து வைப்பது

ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். தம்பதிக்கு நடுவே ஒரு கோடு. சொந்தத்தில் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு. நோய் உள்ளவரை நிரப்புங்கள். மரபணு மட்டும் உள்ளவருக்கு நடுவில் ஒரு புள்ளி. மூன்று தலைமுறை போதும். சிறுவயதில் தவறிய குழந்தைகளையும் சேருங்கள். பாட்டிமார்கள் அவர்களைக் கணக்கில் சொல்ல மாட்டார்கள். தனியாகக் கேட்டால், மெல்லிய குரலில் சொல்வார்கள். அப்போது எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். தாளைப் பிறகு நிரப்பலாம்.

ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து எல்லாரும் வந்து சேர்வார்கள். அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வீட்டிலேயே மூத்த அத்தையின் பக்கத்தில் பாயைப் போட்டு உட்காருங்கள். பென்சிலால் எழுதுங்கள், "அவன் அவளுடைய பிள்ளை இல்லையடி" என்று இன்னொருவர் வந்து திருத்துவார்.